சிறை மேல்முறையீடா, வழக்கறிஞர் வழி மேல்முறையீடா?

விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று கருதும் சிறைவாசி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 423-ஆம் பிரிவின்படி வழக்கறிஞர் மூலமாகவோ, 424-ஆம் பிரிவின்படி சிறைப் பொறுப்பு அதிகாரி மூலமாகவோ மேல்முறையீடு செய்யலாம்.

செலவு: சிறை வழியில் வழக்கறிஞர் கட்டணம் இல்லை. மற்றதில் உண்டு, தீர்ப்பின் நகல் இரண்டிலும் இலவசம்.

காலம்: அமர்வு நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல, இரண்டுக்கும் 60 நாள், மரண தண்டனையானால் 30 நாள். மனுவை அதிகாரியிடம் ஒப்படைத்தாலே போதும் என்பதால், கெடு நெருங்கும்போது சிறை வழியே கைகொடுக்கும்.

வாதம்: வேறுபாடு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. குறுக்கு விசாரணை மறுக்கப்பட்டதா, குற்றச்சாட்டு சரியாக வனையப்பட்டதா, தற்காப்புச் சாட்சிகளை அழைக்க வாய்ப்பு தரப்பட்டதா என்பதையெல்லாம் விசாரணை ஆவணங்களை வரிவரியாகப் படித்துத்தான் காட்ட முடியும். சிறைக்குள்ளிருந்து எழுதும் மனுவில் வேதனை இருக்கும், ஆனால் பக்க எண்ணோடு கூடிய ஆதாரம் பெரும்பாலும் இருக்காது. வழக்கறிஞர் வழி மனுவை, தரப்பைக் கேட்காமல் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய இயலாது. சிறை மனுவுக்கோ, அது அற்பமானது என்று நீதிமன்றம் கருதினால் அந்தப் பாதுகாப்பு விலகக்கூடும்.

பணமில்லாதவர் சிறை மனுவோடு நின்றுவிட வேண்டியதில்லை: காவலில் உள்ள எவரும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞரைக் கோரலாம். கெடு முடியும் தறுவாயில் இருப்பவருக்குச் சிறை வழி பொருந்தும். விசாரணையின் குறைகளையே அடிப்படையாகக் கொண்டு போராடுபவருக்கு, இலவச உதவியாக இருந்தாலும், வழக்கறிஞர் வழியே பொருந்தும்.