டர்பனில் வழுக்கிய கிளட்ச்: இரண்டு பணிமனைகளில் கண்டவை

சிங்கப்பூரில் குடியேறிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, தைப்பூசத்தை ஒட்டி மூன்று வாரம் பிறந்த ஊரான தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தங்கியிருந்தேன். சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் பெரியம்மா மகன், நான் அண்ணா என்று அழைப்பவர், தாம் பதினோரு ஆண்டுகளாகக் கண்ணுங்கருத்துமாகப் பேணி வரும் நிஸான் 350இஸட் காரின் சாவியை முதல் நாளே என் கையில் கொடுத்துவிட்டார். 3.5 லிட்டர் அளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஆறு கியர்களும் பின்சக்கர இயக்கமும் கொண்ட அந்த இரண்டு இருக்கைக் கார் அப்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்தும் விலக்கியும் விடும் கிளட்ச் தொழிற்சாலையில் பொருத்தியதே. அதை அதுவரை யாரும் பிரித்ததில்லை.

இரண்டாம் நாள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டோம். கடல்மட்டத்தில் தொடங்கும் பயணம் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குள் 600 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. பைன்டவுனைத் தாண்டி க்ளூஃபை நோக்கி ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவு டர்பன்வாசிகள் அனைவருக்கும் தெரிந்ததே. 2013 செப்டம்பரில் அதே சரிவில் கட்டுப்பாடிழந்த பார லாரி மோதி 24 பேர் இறந்ததை நினைக்காமல் என்னால் அந்த இடத்தைக் கடக்க முடிவதில்லை. அங்கே ஐந்தாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். நிமிடத்துக்கு 2,300 சுற்றில் நின்றிருந்த, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் 3,500க்குத் தாவியது, ஆனால் காரின் வேகம் சிறிதும் கூடவில்லை. சற்று நேரத்தில் கருகிய வாடை உள்ளே வந்தது. உடனே காலைத் தளர்த்தி, இடது ஓரமாக மெதுவாக ஏறிப்போய், அத்தை வீட்டில் ஒரு மணி நேரம் காரை ஆறவிட்டேன். திரும்பி வரும்போது பெரும்பாலும் இறக்கம் என்பதால் கிளட்சுக்கு வேலை குறைவாகவே இருந்தது.

கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசையை எஞ்சின் தருகிற முறுக்குவிசை மிஞ்சும்போதுதான் அதன் உராய்வுத் தட்டான பிளேட் வழுக்குகிறது. சிறிய கியர்களில் கார் தானே விரைந்து வேகமெடுப்பதால் சுற்று கூடுவது இயல்பாகத் தோன்றி, குறை மறைந்துவிடுகிறது. பெரிய கியரில், மேட்டில், முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறும்போது எஞ்சின் தன் முழு விசையையும் நீண்ட நேரம் கிளட்சின் மேல் சுமத்துவதால், அங்கேதான் அது முதலில் வெளிப்படுகிறது. வழுக்கும்போது பிளேட்டுக்கும், எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கும் இடையே எழும் சூடு பிடிமானத்தை இன்னும் குறைத்துவிடுகிறது. ஆகையால் சிறிது நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய கோளாறு இது அன்று.

மறுநாள் நாங்கள் போன முதல் பணிமனை பெரியது. குளிரூட்டப்பட்ட வரவேற்பறையும் காப்பி இயந்திரமும் வைத்திருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்ட அலுவலர், காரின் அடியில் யாரும் குனிந்து பார்ப்பதற்கு முன்பே, கிளட்ச் பிளேட், அதை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் ஆகியவற்றையும் கூலியையும் சேர்த்து ஒரு மதிப்பீட்டை அச்சிட்டுத் தந்தார். 92,000 கிலோமீட்டரில் பிளேட் தேய்வது இயற்கை என்பது அவருடைய வாதம். மென்மையாக ஓட்டுபவரின் காரில் தொழிற்சாலைக் கிளட்ச் அதைவிட வெகுதூரம் ஓடும் என்பதால், தேய்மானம் அல்லாத காரணம் எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா எனக் கேட்டேன். பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா என்றும் கேட்டேன். இரண்டு கேள்விகளுக்கும் நேரான பதில் வரவில்லை. அண்ணா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அங்கிருந்து உம்கேனி ரோட்டுக்குப் போனோம். வாகன உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்போன அந்தச் சாலையில்தான் எங்கள் பழம்பெரும் கோயில் வளாகமும் இருக்கிறது. சிறுவயதில் காவடி நாள்களில் நடந்த இடம். ஒரு பக்கச் சந்தில், இரண்டே கார்கள் நிற்கக்கூடிய கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவரை அண்ணா "மாமா" என்று அழைத்தார். எங்கள் ஊரில் வழக்கமாக நடப்பதுபோல் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் ஒவ்வொரு விளக்கத்தையும் அவர் "தம்பி" என்றே தொடங்கினார்.

அவர் முதலில் கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கி, தொடக்கத்தில் சற்றேனும் தளர்வு இருக்கிறதா என்று பார்த்தார். அந்தத் தளர்வு இல்லாவிட்டாலும், பெடலின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே கடத்தும் மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் துளை அடைபட்டிருந்தாலும், ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்கூட வழுக்கும். பெடலின் தளர்வு சரியாகவே இருந்தது. அடுத்துக் காரை உயர்த்தி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியில் விரலால் தடவினார். விரலில் எண்ணெய் ஒட்டியது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார். கியர்பாக்ஸ் எண்ணெய்க்குக் கந்தகம் கலந்த கடுநெடி உண்டு. அந்த நெடி இதில் இல்லை. ஆகவே இது எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் வழியாகக் கசியும் எஞ்சின் எண்ணெயாகத்தான் இருக்கும் என்றார். திறந்து பார்க்க எவ்வளவு கூலி என்பதை முன்கூட்டியே சொல்லி, அண்ணாவின் கையெழுத்தை வாங்கிய பிறகே கியர்பாக்ஸை இறக்கினார்.

மறுநாள் பிற்பகல் எங்களை அழைத்துக் காட்டியபோது, அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. பிளேட்டில் உராய்வுப் பட்டையைப் பிடித்திருக்கும் ஆணிகளுக்கு மேல் இன்னும் போதுமான கனம் மிச்சமிருந்தது. ஆனால் அதன் முகம் எண்ணெயில் ஊறிக் கருத்து, சூட்டில் பளபளவென்று இறுகிப்போயிருந்தது. ஃபிளைவீலின் முகத்திலும் நீல நிறச் சூட்டுத் தழும்புகள் இருந்தன. அந்தக் காரில் இருப்பது இரண்டு துண்டுகளாலான, உள்ளே ஸ்பிரிங்குகளைக் கொண்ட டூயல் மாஸ் ஃபிளைவீல் என்பதால், ஒற்றைத் துண்டு ஃபிளைவீலைப்போல லேத்தில் கொடுத்துச் சீவி எடுத்துப் பயன்படுத்த அவர் உடன்படவில்லை. ஒற்றைத் துண்டு ஃபிளைவீலை மாற்றிப் போடலாம், எடையும் குறையும், ஆனால் கார் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்ற ஓசை வரும் என்றும் விளக்கினார். அண்ணா பழைய வகையையே கேட்டார்.

முதல் பணிமனை பட்டியலிட்ட அத்தனை பாகங்களும் இறுதியில் தேவைப்பட்டன என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்தப் பட்டியலில் விடுபட்டது ஆயில் சீல் ஒன்றுதான். மற்றவற்றின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத அந்த வளையத்தை மாற்றாமல் புதிய கிளட்சைப் பொருத்தியிருந்தால், புதிய பிளேட்டும் அதே எண்ணெயில் நனைந்திருக்கும். கியர்பாக்ஸை மீண்டும் இறக்கும் கூலியையும் அண்ணா கொடுத்திருப்பார். இதை எண்ணும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஊருக்குப் போகும் நம்மவர்கள் பலருக்குத் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகள் தெரிவதில்லை. அதன் 15ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்புக்கான மதிப்பீட்டைத் தந்து ஒப்புதல் பெறவேண்டும். திறந்து பார்ப்பதற்குக் கட்டணம் உண்டென்றால் அதையும் முன்னதாகவே சொல்லவேண்டும். கழற்றிய பாகங்களைத் தனியே வைத்திருந்து, வேண்டாமென்று வாடிக்கையாளர் சொன்னாலொழிய, ஓரளவு சுத்தமான உறையில் இட்டுத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 67ஆம் பிரிவு. பொருத்திய பாகத்துக்கும் அதற்கான உழைப்புக்கும் மூன்று மாத உத்தரவாதத்தை 57ஆம் பிரிவு தருகிறது. உம்கேனி ரோட்டுப் பெரியவர் இவற்றில் எதையும் நாங்கள் கேட்கவிடவில்லை. எல்லாம் தாமாகவே செய்தார்.

ஐந்தாம் நாள் கார் கைக்கு வந்தது. முதல் 800 கிலோமீட்டர் வரை ஊருக்குள்ளேயே மென்மையாக ஓட்டவேண்டும், முழு ஆக்ஸிலரேட்டர் கூடாது, மேட்டில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு காரை நிறுத்திவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். எஞ்சிய நாள்களில் நான் சாட்ஸ்வொர்த்துக்கும் கடற்கரைக்கும் இடையே மட்டும் ஓட்டி, 310 கிலோமீட்டர் சேர்த்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். மீதியை ஓட்டி முடித்த அண்ணா, ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஐந்தாம் கியரில் முழுதாக அழுத்திப் பார்த்ததாகவும், முள்ளும் வேகமும் ஒன்றாகவே ஏறியதாகவும் சென்ற வாரம் செய்தி அனுப்பினார். எண்ணெய் ஊறிய பழைய பிளேட் அவர் வீட்டுக் கார் கொட்டகையின் தட்டில், பழைய சீலோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.