மெஷினில் இருக்கும் நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக்: விட்டு விட்டா, நீட்டியா, நிறுத்தாமலா?

செப்சிஸோடு, அதாவது உறுப்புகளையே பாதிக்கும் கடும் நோய்த்தொற்றோடு, ஐசியுவில் இருக்கும் நோயாளிக்குக் கிட்னி படுத்துவிட்டால் மருந்து உடம்பிலேயே தங்கத் தொடங்குகிறது. அந்தக் கிட்னிக்குப் பதிலாக நாம் மாட்டும் டயாலிசிஸ் மெஷினோ அதே மருந்தை வெளியே இழுக்கிறது. இந்த இழுபறிக்கு நடுவில் பீட்டா-லாக்டம் வகை (பென்சிலின் குடும்பம், மெரோபெனம் போன்றவை) ஆன்டிபயாட்டிக்கை எப்படி ஏற்றுவது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. அரை மணி நேர டிரிப்பாக விட்டு விட்டுக் கொடுப்பது பழைய வழி. ஒவ்வொரு டோஸையும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு நீட்டி ஏற்றுவது இரண்டாவது. சிரிஞ்ச் பம்பில் 24 மணி நேரமும் நிறுத்தாமல் ஓட்டுவது மூன்றாவது. இவை போதாதென்று, ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து டோஸை மாற்றும் டிடிஎம் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினில் இருப்பவருக்கு மருந்தை எப்படி ஏற்றுகிறோம் என்பது இரண்டாவது கேள்விதான். மெஷினும் மிச்சமிருக்கும் கிட்னியும் சேர்ந்து மணிக்கு எவ்வளவு மருந்தை வெளியேற்றுகின்றன என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் மூன்று வழிகளையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

நிறுத்தாமல் ஓட்டுவதற்குச் சொல்லப்படும் காரணம் வலுவானது. பீட்டா-லாக்டம் மருந்துகள் உச்ச அளவால் கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை அடக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கு, அதாவது எம்ஐசிக்கு மேலே, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதே முக்கியம். நீட்டி ஏற்றினால் அந்த நேரம் கூடும். ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2023-ல் வெளியான மெர்சி ஆய்வில் 607 பேருக்கு மெரோபெனம் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பையும் புதிதாக உருவாகும் கடும் எதிர்ப்புக் கிருமிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, நிறுத்தாமல் ஓட்டியவர்களில் 47%, விட்டு விட்டுக் கொடுத்தவர்களில் 49%. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். 2024-ல் வந்த பிளிங் 3 அதைவிடப் பல மடங்கு பெரியது: 7 நாடுகள், 104 ஐசியுக்கள், 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். 90 நாள் இறப்பு நிறுத்தாமல் ஓட்டியதில் 24.9%, விட்டு விட்டுக் கொடுத்ததில் 26.8%. புள்ளியியல் கோட்டை மயிரிழையில் தாண்டவில்லை. நோய்த்தொற்று குணமானது மட்டும் 55.7%-க்கு எதிராக 50.0% என்று தெளிவாகவே வேறுபட்டது. அதே ஆண்டில் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த அலசல், நீட்டி ஏற்றுவது இறப்பைக் குறைக்கிறது என்ற பக்கமே சாய்ந்தது.

ஆக, பொதுவான ஐசியு நோயாளிக்கு நீட்டி ஏற்றுவது நல்லது. மெஷினில் இருப்பவருக்கும் அதே அளவுக்கு நல்லதா? இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஒருவர் சிஆர்ஆர்டியில், அதாவது நாள் முழுக்க மெதுவாக ஓடும் டயாலிசிஸில், இருக்கிறார். கிலோவுக்கு மணிக்கு 25 மி.லி. என்ற வழக்கமான எஃப்ளுயன்ட் (மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் திரவம்) அளவு. மொத்தம் மணிக்கு 1,750 மி.லி., நிமிடத்துக்கு 29 மி.லி. மெரோபெனம் சின்ன மூலக்கூறு, புரதத்தோடு 2% அளவுக்கே ஒட்டுகிறது. அதனால் ஃபில்டரைத் தடையில்லாமல் தாண்டும். மெஷின் வழியே மட்டும் மணிக்குச் சுமார் 1.75 லிட்டர் ரத்தநீர் மருந்தில்லாமல் சுத்தமாகிறது. சிறுநீர் சுத்தமாக நின்றுபோனவருக்கு மற்ற வழிகளில் இன்னொரு 1.75 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3.5. மருந்து பரவும் இடம் 25 லிட்டர் என்றால் அரையாயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஐந்து மணி நேரம். 8 மணிக்கொருமுறை 1 கிராம் கொடுத்தால், அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால்கூட ரத்தத்தில் லிட்டருக்கு 19 மி.கி. இருக்கும். எம்ஐசி 2 உள்ள சூடோமோனாஸ் கிருமிக்கு இது ஒன்பது மடங்கு. அரை மணி நேர டிரிப்பே நாள் முழுக்கக் காவல் காக்கிறது. அதையே பம்பில் ஓட்டினால் அளவு 36 மி.கி.யில் நேர்க்கோடாக நிற்கும். கிருமிக்கு அதனால் கூடுதல் கெடுதி எதுவும் வரப்போவதில்லை.

இப்போது அதே எடை, அதே மெஷின், ஆனால் சிறுநீர் இன்னும் போய்க்கொண்டிருக்கும் இன்னொருவர். மொத்த வெளியேற்றம் மணிக்கு 9 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரையாயுள் இரண்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதே 1 கிராம் டோஸில் எட்டாவது மணியில் மிஞ்சுவது லிட்டருக்கு 2.4 மி.கி. எம்ஐசியை ஒட்டி ஊசலாடுகிறது. எம்ஐசியைப் போல நான்கு மடங்கு வேண்டும் என்று இலக்கு வைப்பவர்களுக்கு ஐந்தாவது மணிக்கு முன்பே கை நழுவிவிடும். அதே 3 கிராமை 24 மணி நேரத்துக்கும் பரப்பி ஓட்டினால் அளவு 14-ல் நிலையாக நிற்கும். மூன்றாவது வழி ஜெயிப்பது இவரிடம்தான். டோஸ் அட்டவணையில் இரண்டு பேரும் ‘சிஆர்ஆர்டி’ என்ற ஒரே வரியில் வருவார்கள். சிறுநீர் அளவைக் கேட்காத அட்டவணையை நான் நம்புவதில்லை.

நிறுத்தாமல் ஓட்டுவதில் நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. பைப்பராசிலின்-டாசோபாக்டம் அறை வெப்பநிலையில் ஒரு நாள் தாங்கும். மெரோபெனம் தாங்காது. சிரிஞ்சிலேயே சிதைய ஆரம்பித்துவிடும் என்பதால் சில மணி நேரத்துக்கொருமுறை புதிதாகக் கரைக்க வேண்டும். மருந்துக்கென்று ஒரு லைன் முழு நாளும் பிடிபடும். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நாராட்ரினலின், மயக்க மருந்து, ஊட்டம் எல்லாம் ஒரே சென்ட்ரல் லைனுக்காகக் காத்திருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. அதனால் என் தேர்வு இப்படி: பைப்பராசிலினை நிறுத்தாமல் ஓட்டலாம், மெரோபெனத்தை மூன்று மணி நேரத்துக்கு நீட்டினால் போதும். இரண்டிலுமே முதல் டோஸ் முழு லோடிங் டோஸாக, அதாவது ரத்தத்தில் அளவை உடனே ஏற்றிவிடும் பெரிய டோஸாக, வேகமாகப் போக வேண்டும். லோடிங் இல்லாமல் பம்பை ஓட்டினால், அரையாயுள் நீண்ட நோயாளியின் ரத்தத்தில் அளவு மேலேறவே அரை நாள் ஆகும். செப்சிஸில் அந்த அரை நாள் கிடையாது.

லோடிங் டோஸைக் கிட்னியைப் பார்த்துக் குறைக்கவே கூடாது. அது மருந்து பரவும் இடத்தைப் பொறுத்தது, வெளியேற்றத்தைப் பொறுத்ததல்ல. செப்சிஸில் நாம் ஏற்றும் திரவமும் கசியும் ரத்தநாளங்களும் அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு: நோய்த்தொற்றோடு வருபவர்களிடம் சேர்க்கையின்போது காணப்படும் கிட்னி பாதிப்பில் பாதிக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிடுவதாக 2019-ல் ஒரு ஆய்வு காட்டியது. முதல் நாள் கிரியேட்டினினை (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக் குறைத்த டோஸ், மூன்றாம் நாள் கிட்னி மீண்ட பிறகும் சார்ட்டில் அப்படியே கிடக்கும். பீட்டா-லாக்டத்தில் முதல் இரண்டு நாள் தாராளமாக இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மெஷின்களுக்குள்ளும் வித்தியாசம் பெரியது. நான்கு மணி நேர வழக்கமான டயாலிசிஸ் ஓடும்போது மருந்தை வேகமாக எடுக்கும், மற்ற 20 மணி நேரம் ஒன்றும் செய்யாது. எனவே டயாலிசிஸ் முடிந்த கையோடு டோஸ் கொடுத்தால் போதும். ஸ்லெட் எனப்படும் மெதுவான, நீண்ட டயாலிசிஸ்தான் சிஆர்ஆர்டியையும் சேர்த்த மூன்று வகையிலும் தொல்லை பிடித்தது. எட்டு மணி நேர ஓட்டத்தில் மெரோபெனம் பாதிக்கு மேல் போய்விடும். காலையில் டோஸ் கொடுத்த ஒரு மணி நேரத்தில் ஸ்லெட்டை ஆரம்பித்தால் அந்த டோஸ் மெஷினின் கழிவோடுதான் போகும். நேரத்தைப் பொருத்திக்கொள்ள முடியாவிட்டால் இங்கே நீட்டி ஏற்றுவது உண்மையிலேயே கைகொடுக்கும், ஏனென்றால் மருந்து போய்க்கொண்டே இருக்கும்போது வந்துகொண்டும் இருக்கிறது.

ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ மெஷினைப் பற்றி இருக்கும் பயம் பீட்டா-லாக்டத்தைப் பொறுத்தவரை தேவைக்கு அதிகம். சர்க்யூட்டின் பிளாஸ்டிக் குழாயும் ஆக்சிஜனேட்டரும் கொழுப்பில் கரையும் மருந்துகளை, முக்கியமாக ஃபென்டனில், வோரிகொனசோல் போன்றவற்றை, ஒட்டிப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரில் கரையும் பைப்பராசிலினையும் மெரோபெனத்தையும் எக்மோவில் இருப்பவர்களிடமும் இல்லாதவர்களிடமும் அளந்து ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. எக்மோ நோயாளியின் டோஸைத் தீர்மானிப்பதும் கிட்னியும் சிஆர்ஆர்டியும்தான்.

பீட்டா-லாக்டம் அல்லாத கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் தனிக் கதை. கிட்னி நன்றாக இருப்பவருக்கு 2019-ன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்வது நாளொன்றுக்கு 360 மி.கி. (கோலிஸ்டின் பேஸ் என்ற அளவுக் கணக்கில்). கிட்னி முழுவதும் நின்றவருக்கு 130. சிஆர்ஆர்டி மாட்டியதும் 440. கிட்னி இருப்பவரைவிட மெஷினில் இருப்பவருக்கு அதிகம்! காரணம், கிட்னி கோலிஸ்டினை வடிகட்டிவிட்டு மறுபடி உறிஞ்சி உடம்புக்கே திருப்பிக் கொடுக்கிறது. மெஷினுக்கு அந்த வேலை தெரியாது, வடிகட்டியது வடிகட்டியதுதான். பூஞ்சைக்கு எதிரான ஃப்ளூகொனசோலிலும் இதே நிலைமை. ‘கிட்னி ஃபெயிலியர், அதனால் பாதி டோஸ்’ என்ற பழக்கம் மிக மோசமாகத் தோற்பது இந்த இரண்டு மருந்துகளிடம்.

டிடிஎம்முக்கு வருவோம். ஜெர்மனியில் 249 பேரிடம் நடந்த டார்கெட் ஆய்வில் இரு குழுவுக்கும் பைப்பராசிலின் நிறுத்தாமல்தான் ஓடியது. ஒரு குழுவுக்கு மட்டும் அளவு பார்த்து டோஸ் மாற்றினார்கள். உறுப்புச் செயலிழப்பு மதிப்பெண்ணில் வித்தியாசம் வரவில்லை. இதை வைத்து டிடிஎம் வீண் என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் பார்ப்பதால் பலன் சிதறிப்போகலாம். சிறுநீர் பாதி, மெஷின் பாதி என்று வெளியேற்றம் தினமும் மாறும் நோயாளிக்கு, அல்லது எம்ஐசி கூடிய கிருமிக்கு, ரிசல்ட் மறுநாளுக்குள் வருமென்றால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். வான்கோமைசின் என்ற வேறு வகை ஆன்டிபயாட்டிக்கில் இந்த வாதத்துக்கே இடமில்லை, அதில் அளவு பார்த்தே ஆக வேண்டும். நான்கு நாள் கழித்து வரும் ரிசல்ட்டால் யாருக்கும் உதவியில்லை.

எந்த வழியை எடுத்தாலும் கணக்கைக் குலைப்பது ஃபில்டர் அடைப்பு. மருந்துச் சீட்டில் 24 மணி நேர சிஆர்ஆர்டிக்கான டோஸ் இருக்கும், மெஷின் ஓடியது 16 மணி நேரமாக இருக்கும். நிமிடத்துக்கு 29 மி.லி. என்று நினைத்தது அன்றைக்குச் சராசரியாக 19 ஆகிவிட்டது. மெரோபெனத்தில் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு பீட்டா-லாக்டமான செஃபெபைமில் முடியாது. கிட்னி பாதிப்பில் டோஸ் சரிசெய்யாமல் கொடுத்தால் வெளியே தெரியாத வலிப்பு வரலாம் என்று 2012-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. கை கால் உதறாது, நோயாளி விழிக்காமல் கிடப்பார், மயக்க மருந்தின் மிச்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் மெஷின் நின்ற நேரத்தை டயாலிசிஸ் ஷீட்டில் மட்டும் எழுதாமல் மருந்துச் சார்ட்டிலும் எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அடுத்த செஃபெபைம் டோஸைப் போடும் முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று சார்ட்டிலேயே குறித்து வைப்பது நல்லது. விழிக்காதவருக்கு ஈஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கத் தயங்கக் கூடாது.