பூனைக் கட்சியா, குரங்குக் கட்சியா? டெலிவரி லோகோக்களுக்கு ஒரு ரிவ்யூ

போன மாதம் ஒரு கண்ணாடி ஜாடி ஆர்டர் செய்தேன், வந்து சேர்ந்தது அதன் துண்டுகள். கொண்டுவந்த கம்பெனி எது என்று சொல்லப் போவதில்லை. அதன் லோகோவில் ஒரு இறக்கை இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், பெட்டியின் மூலை நசுங்கியிருந்த விதத்தைப் பார்த்தால் அதுவும் கொஞ்ச தூரம் பறந்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறது. அந்தக் கடுப்பில் பரணில் கிடந்த பழைய அட்டைப்பெட்டிகளை எல்லாம் எடுத்துவைத்து, ஒவ்வொரு கம்பெனியும் தன் லோகோவில் எதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பெட்டி கிடைக்காததற்கு நெட்டில் தேடினேன்.

எல்லோரும் முதலில் சொல்வது ஃபெடெக்ஸ் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். 1994-இல் லேண்டர் என்ற டிசைன் நிறுவனத்தில் லிண்டன் லீடர் வடிவமைத்தது. பெரிய 'ஈ' எழுத்துக்கும் சின்ன 'எக்ஸ்' எழுத்துக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் ஒரு வெள்ளை அம்பு ஒளிந்திருக்கிறது. அது தானாக அமைந்துவிடவில்லை, இரண்டு எழுத்துருக்களின் நல்ல அம்சங்களைச் சேர்த்து எழுத்தையே புதிதாகச் செதுக்கிய பிறகுதான் அம்பு சரியாக விழுந்தது. அரபு மொழி லோகோவில் அந்த அம்பு இடப்பக்கம் பார்க்கும், ஏனென்றால் அங்கே வாசிப்பது அந்தத் திசையில். இந்த அக்கறை எனக்குப் பிடித்தது. வேகம், துல்லியம், அதைக் கத்திச் சொல்லாத நாசூக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் அம்பு என்பது எய்துவிட்டுப் போகிற சாமான். போய்ச் சேரும், சரி, எந்த நிலையில் சேரும் என்று அம்புக்குக் கவலை கிடையாது. பத்துக்கு எட்டு.

டிஎச்எல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாய்ந்த தடித்த எழுத்து, இரண்டு பக்கமும் காற்றைக் கிழிக்கிற மாதிரி கோடுகள், மஞ்சள் மேல் சிவப்பு. அந்த மஞ்சள் ஜெர்மன் அஞ்சல் துறையின் பழைய நிறம், டாய்ச்ச போஸ்ட் 2002-இல் கம்பெனியை முழுதாக வாங்கிய பிறகு ஒட்டிக்கொண்டது. அழகா என்றால் இல்லை. ஆனால் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே நம் பார்சல் என்று தெரிந்துவிடும், அதற்கு ஆறு.

யுபிஎஸ் கதைதான் கொஞ்சம் மனசைத் தொடுகிறது. 1961-இல் டிசைனர் பால் ராண்ட் அவர்களுக்கு ஒரு லோகோ போட்டுக் கொடுத்தார்: கீழே கேடயம், அதன் மேல் நாடா கட்டிய ஒரு பார்சல். வரைந்ததை அவர் தன் சின்ன மகளிடம் காட்ட, அவள் இது ஒரு பரிசு என்று சொன்னாளாம். அதைவிட நல்ல சான்றிதழ் எந்த டிசைனருக்குக் கிடைக்கும்? கேடயம் பாதுகாப்பைச் சொல்கிறது, நாடா அன்பைச் சொல்கிறது, உள்ளே இருப்பது யாரோ யாருக்கோ அனுப்பிய பொருள் என்கிற நினைப்பு அந்த ஒரு முடிச்சில் இருந்தது. இதில் வேடிக்கை, கயிறு கட்டிய பார்சல் பிரிக்கும் இயந்திரங்களில் சிக்கும் என்பதால் அப்படிக் கட்டி அனுப்பாதீர்கள் என்று கம்பெனியே சொல்லும் காலம் வந்தது. 2003-இல் நாடாவும் போனது, பார்சலும் போனது, பளபளப்பான கேடயம் மட்டும் மிச்சம். நாங்கள் வெறும் பார்சல் கம்பெனி இல்லை, சரக்குப் போக்குவரத்து மொத்தத்தையும் கவனிக்கிறோம் என்று காட்டுவதற்காகச் செய்தார்கள். புரிகிறது, ஆனாலும் பரிசை எடுத்துவிட்டுக் கேடயத்தை மட்டும் நீட்டினால் எனக்குப் புகார்ப் பிரிவு ஞாபகம்தான் வருகிறது. பழையதற்கு ஒன்பது, புதியதற்கு ஐந்து. அந்தப் பழுப்பு நிறத்துக்குத் தனியாக ஒரு மார்க் போடலாம், அழுக்குத் தெரியாது என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். இப்படிப்பட்ட நடைமுறைப் புத்தி எனக்குப் பிடிக்கும்.

அமேசானின் புன்னகை 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 'ஏ'-யிலிருந்து 'இசட்' வரை போகும் அம்பு, அதுவே சிரிப்பு. கடைக்கு அது பிரமாதமான லோகோ, எல்லாம் கிடைக்கும், வாங்கினால் சிரிப்பீர்கள் என்கிறது. டெலிவரி வண்டியில் ஒட்டும்போதுதான் சிரிப்பது யார் என்ற கேள்வி வருகிறது. மூன்றாவது மாடிக்கு இருபது கிலோ தூக்கி வருகிறவர் சிரித்து நான் பார்த்ததில்லை. டெலிவரூவிடமோ கங்காரு இருக்கிறது! வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் மிருகம், சாப்பாடு கொண்டுவரும் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி உண்டா? 2016-இல் புது லோகோ போட்டபோது கூர்கூரான கோடுகளில் தலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பையைக் காணோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

எனக்கு முதல் இடம் ஜப்பானின் யமாட்டோதான். மஞ்சள் நீள்வட்டத்துக்குள் ஒரு கறுப்புத் தாய்ப்பூனை, வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு நடக்கிறது. 1957-லிருந்து இந்தச் சின்னம். அமெரிக்காவில் வீட்டுச் சாமான் மாற்றித் தரும் அலைட் வேன் லைன்ஸ் இதே மாதிரி தாய்ப்பூனையும் குட்டியும் வைத்திருந்தது, அவர்களிடம் சம்மதம் வாங்கித்தான் தங்கள் பூனையை வரைந்தார்கள். 2021-இல் டிசைனர் கென்யா ஹாரா கோடுகளைக் கொஞ்சம் சுத்தப்படுத்தினார், பூனையை எடுத்துவிடவில்லை, நல்ல வேளை.

நம் வைணவ ஆச்சாரியர்கள் இதே பூனையை வைத்து ஒரு பெரிய வாதமே நடத்தியிருக்கிறார்கள். மார்ஜார நியாயம், மர்க்கட நியாயம் என்பார்கள். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கிவிடும். குரங்குக்குட்டிதான் தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் போச்சு. அவர்கள் பேசியது பக்தியைப் பற்றி, ஆனால் பார்சலுக்கு அப்படியே பொருந்துகிறது. லோகோவில் எல்லாக் கம்பெனியும் பூனைக் கட்சி. நடப்பில் பாதிப் பேர் குரங்குக் கட்சி, டிராக்கிங் நம்பரைப் பிடித்துக்கொண்டு, ஐந்து முறை போன் போட்டு, கேட்டருகே நின்று, ஓடிபி சொல்லி, தொங்க வேண்டியது நாம்தான். யமாட்டோவின் படம் மட்டும் தூக்குகிற வேலையை முழுக்கத் தன் வாயில் வைத்திருக்கிறது. பூனையின் பல் கூர்மை, குட்டியின் கழுத்து மெலிசு, இருந்தும் ஒரு கீறல் விழாது. பத்திரம் என்பதை இவ்வளவு சின்ன நீள்வட்டத்துக்குள் வேறு யாரும் காட்டவில்லை. பத்துக்கு ஒன்பதரை, குறைத்த அரை மார்க் நான் அவர்களிடம் பார்சல் வாங்கியதில்லை என்பதற்காக.

பிரிட்டனில் ஹெர்மிஸ் என்ற பார்சல் கம்பெனி 2022-இல் ஈவ்ரி என்று பெயரை மாற்றி, ஆயிரக்கணக்கான எழுத்துருக் கலவைகளில் மாறிக்கொண்டே இருக்கும் லோகோ போட்டது. எல்லாவிதமான மக்களும் எங்களில் உண்டு என்று சொல்ல ஆசை. நல்ல ஆசைதான், ஆனால் கதவைத் தட்டுகிறவர் யாரென்று அடையாளம் தெரிவதுதானே லோகோவின் முதல் வேலை? நான்கு.

இத்தனை பெட்டிகளையும் புரட்டியதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எந்தக் கம்பெனியும் உரிமை கொண்டாடாத மூன்று சின்னங்கள் பல பெட்டிகளில் இருக்கின்றன: கண்ணாடிக் கோப்பை, குடை, மேலே பார்க்கும் இரண்டு அம்புகள். உடையும், நனையக் கூடாது, இந்தப் பக்கம் மேலே. எந்த மொழிக்காரருக்கும் புரியும். என் ஜாடி வந்த பெட்டியில் கோப்பைச் சின்னத்தைத் தேடினேன். இருந்தது, கம்பெனியின் இறக்கை ஸ்டிக்கரை உரித்த பிறகு.