ஏர்கன் பேரலை பாலிஷ் போடக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதித் தொலைத்துவிடுவேன்.

புது பேரல் விலையில் பாதி. அவ்வளவு பணத்தை வாங்கிக்கொண்டு, என் காற்றுத் துப்பாக்கியின் 4.5 மி.மீ. பேரலை (குண்டு பாயும் குழாயை) வெறும் வழவழப்பான குழாயாக்கி அனுப்பியிருக்கிறார்கள். பெயர் சொல்லப்போவதில்லை. பழுதுபார்ப்பவர்களை நமக்குப் பிடித்துத் தருகிற இணையத்தளம் ஒன்று, அதில் ‘ஏர்கன் டியூனிங்’ செய்வதாகப் போட்டிருந்த ஒரு பட்டறை. இது போதும்.

துப்பாக்கிக்குப் பெரிய கோளாறு எதுவும் கிடையாது. 10 மீட்டரில் ஒரே ஓட்டையில் விழுந்துகொண்டிருந்த பெல்லட்டுகள் (சின்ன ஈயக் குண்டுகள்) கொஞ்சம் சிதற ஆரம்பித்தன. ஏர்கன்னில் வெடிமருந்து இல்லை, அதனால் கரி படியாது. படிவதெல்லாம் ஈயமும் பெல்லட்டில் வருகிற எண்ணெய்ப் பிசுக்கும்தான். அதைத் துடைத்தெடுத்து, பிரீச் பக்கம் பெல்லட் நுழையும் இடத்தில் இருந்த சின்னப் பிசிறை மட்டும் தேய்த்துத் தரச் சொன்னேன். வேலையே அவ்வளவுதான்.

நம்பவைத்தது அந்த ஆள் கேட்ட கேள்விகள். “ஸ்பிரிங் பிஸ்டனா சார், பிசிபியா? முனையில சோக் இருக்கா? என்ன பெல்லட் போடுறீங்க?” என்று வரிசையாகக் கேட்டார். பிசிபி என்றால் உயர் அழுத்தக் காற்றை முன்பே அடைத்து வைத்துச் சுடுகிற வகை; சோக் என்றால் முனைப் பக்கம் பேரல் உள்ளே லேசாகக் குறுகும் இடம். அப்புறம் அவராகவே, “சுத்தம் பண்ற கம்பியை முனைப் பக்கத்துலேர்ந்து விடவே மாட்டோம் சார், கிரவுன் போயிடும்” என்றார். கிரவுன் என்பது பெல்லட் வெளியேறும் முனையின் விளிம்பு. தொழில் தெரியாதவர் வாயில் இந்தப் பேச்சு வருமா? அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன். வேலை முடிந்தது என்று பேரலின் உட்புறப் படம் ஒன்றும் வந்தது. பளபளவென்று இருந்தது. என் பேரலில், பெல்லட்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் 12. படத்தில் எண்ணினால் 6. யாருடைய பேரலோ!

சாமான் வந்ததும் ஒரு பெல்லட்டை உள்ளே வைத்துக் கம்பியால் தள்ளினேன். முன்பெல்லாம் ஒரே சீராக இறுக்கமாகப் போகும், முனையில் சோக் இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். இப்போது பாதி வழி தொளதொளவென்று போகிறது, முனையில் பிடிப்பே இல்லை. வெளியே வந்த பெல்லட்டில் வரிகளின் தடம் பெயருக்குத்தான் தெரிகிறது. வெளிச்சம் அடித்துப் பார்த்தால் உள்ளே குறுக்காக வட்ட வட்டமான கீறல்கள். வரிப்பள்ளத்தின் போக்கிலேயே திரும்பித் திரும்பிப் போகவேண்டிய கம்பியை டிரில்லில் மாட்டிச் சுற்றியிருக்கிறார்கள், அதுவும் சொரசொரப்பான பேஸ்ட் போட்டு. பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடுகளின் ஓரம் மழுங்கினால் பெல்லட்டை எது பிடித்துச் சுழற்றும்? சுழலாத பெல்லட் நேராகப் போகாது. கிரவுனில் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. முனைப் பக்கத்திலிருந்து விடவே மாட்டார்களாம்!

கேட்டதற்கு முதல் பதில்: “பெல்லட்டை மாத்திப் பாருங்க சார்.” மாற்றினேன், அதே சிதறல். அடுத்து, “புதுசா பாலிஷ் போட்டிருக்கு, ஈயம் படிஞ்சா சரியாகிடும்.” இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். சுத்தம் செய்த பேரல் நிலைக்கு வரச் சில குண்டுகள் சுட வேண்டியிருக்கும், சரி. ஆனால் தேய்ந்துபோன இரும்பை ஈயம் திருப்பித் தருமா? அதற்கப்புறம் ஸ்கோப் லூசாக இருக்கும் என்றார். கடைசியில் என் கை நடுங்குகிறதாம். பிறகு பதிலே இல்லை, மெசேஜைப் பார்த்த அடையாளம் மட்டும் வருகிறது.

தளத்துக்காரர்கள் அதற்கும் மேல். பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போட்டதே வேலையில் திருப்தி என்பதற்கு ஒப்புதலாம். பெட்டியைப் பிரிக்காமல் பேரலுக்குள் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வந்தது. பாதி பேரல் விலை போனது போக, இப்போது முழு விலை கொடுத்துப் புது பேரல் வாங்கியாக வேண்டும்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, நைலான் இழையில் துணித் துண்டைக் கட்டி பிரீச்சிலிருந்து முனைக்கு இழுங்கள். அழுக்குப் போக அதுவே பெரும்பாலும் போதும். குறி தவறாத வரை அதுகூட அவசரமில்லை. பாலிஷ் என்று யாராவது ஆரம்பித்தால் எந்தப் பேஸ்ட், கையாலா டிரில்லாலா என்று எழுத்தில் வாங்குங்கள். அனுப்பும் முன் ஒரு பெல்லட்டைத் தள்ளி எடுத்துப் பத்திரமாக வையுங்கள், திரும்பி வந்ததும் ஒப்பிட உதவும். பிசிபி வைத்திருப்பவர்கள் காற்று போகும் பாதையில் சாதாரண எண்ணெயை விட்டுவிடாதீர்கள், உயர் அழுத்தத்தில் தீப்பிடிக்கும். வேலையைச் சோதித்துப் பார்க்கும் வரை முழுப் பணம் தராதீர்கள். தளத்தின் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.