அரசியல் சமநிலைக்கு எந்த வாக்குமுறை?

இணையக் குழுக்களில் அரசியல் பேச்சு சூடுபிடித்தால், "ஒரு தரப்பு மட்டும்தான் மேலே தெரிகிறது" என்ற புகார் வந்துவிடும். ஆட்களைக் குறை சொல்லும் முன் வாக்குகளை எப்படி எண்ணுகிறோம் என்று பார்க்கலாம்.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் பாணி எளிது. அப்வோட்டை (ஆதரவு வாக்கு) கூட்டி, டவுன்வோட்டை (எதிர் வாக்கு) கழித்து வரிசைப்படுத்துவார்கள். எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்விக்கு இது போதும். அரசியலில் அப்படி இல்லை. நூற்றுக்கு 60 பேர் ஒரு பக்கம் என்றால், மற்ற 40 பேர் எழுதுவது நாள்தோறும் கீழே போகும். கொஞ்ச நாளில் அவர்கள் எழுதுவதையே விட்டுவிடுவார்கள், 60 மெல்ல 80 ஆகும். ஊரோடு ஒத்துப்போகும் போக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2013-இல் சயின்ஸ் இதழில் ஒரு சோதனை வெளியானது. செய்தி பகிரும் தளம் ஒன்றில், குலுக்கல் முறையில் தேர்ந்த பின்னூட்டங்களுக்கு ஆய்வாளர்களே முதல் அப்வோட் போட்டார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. அவர்கள் போட்ட டவுன்வோட்டையோ மற்றவர்கள் ஈடுகட்டிவிட்டார்கள். அதனால்தான், டவுன்வோட் பொத்தானை எடுத்தாலே சமநிலை வந்துவிடும் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது எக்ஸ் தளத்தின் கம்யூனிட்டி நோட்ஸ். தவறாக வழிநடத்தக்கூடிய பதிவுகளுக்குக் கீழே பயனர்களே விளக்கக் குறிப்பு எழுதி, அதற்கு வாக்களிக்கும் வசதி இது. 2021-இல் பேர்ட்வாட்ச் என்ற பெயரில் வந்தது. எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பது மட்டும் இங்கே போதாது. வழக்கமாக முரண்படுகிறவர்களும் சேர்ந்து ஆதரிக்க வேண்டும். 2015-இல் தைவானில் ஊபர் விதிகளை விவாதிக்கப் பயன்பட்ட போல்.இஸ் என்ற இணையக் கருத்துக்கணிப்புக் கருவியும் இதே குடும்பம்தான். ஒவ்வொரு கூற்றையும் ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். பதில் எழுத மட்டும் இடமில்லை. எதிராளியை மடக்க வழியில்லாதபோது, அவரும் ஏற்கும்படி எழுதிப் பார்ப்பதுதான் மிச்சம். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது.

குறையும் பெரிது. கம்யூனிட்டி நோட்ஸில் எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை வெளியே தெரிவதே இல்லை. இரு தரப்பும் ஒத்துவராத விஷயத்தில் உண்மையான தகவலும் முடங்கிவிடும். யார் யாரோடு முரண்படுகிறார் என்று கணிக்க ஏராளமான பழைய வாக்குகளும் தேவை. ஆக, பெரிய குழுவுக்கு இந்த முறை. சிறிய குழு என்றால் அரசியல் உரையாடல்களில் மட்டும் வாக்கை நிறுத்திவிட்டு, நேர வரிசையில் காட்டுவதே மேல்.

சரி, குழுவை மேற்பார்க்கும் நெறியாளர்களைத் தேர்ந்தெடுப்பது? ஐந்து இடங்கள், 100 வாக்காளர்கள், அதே 60-40 பிளவு. பிடித்தவர்கள் எல்லோருக்கும் டிக் போடும் முறையில், 60 பேரும் ஒற்றுமையாக இருந்தால் ஐந்து இடமும் அவர்களுக்கே. ஒற்றை மாற்று வாக்கு முறையில் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எழுதுவார்கள்; வென்றவரின் மிகுதி வாக்கும் தோற்றவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஆறு பேர் தலா 17 வாக்கு பெற முடியாது என்பதால், ஓர் இடத்துக்கு 17 வாக்கு போதும். ஆகவே 3-2 என்று பிரியும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் தன் அறங்காவலர் தேர்தலுக்கு இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. எண்ணுவது சிக்கல் என்பார்கள். மென்பொருள் எண்ணப்போகிறது, அது ஒரு காரணமே அல்ல.

எந்த முறையானாலும் வாக்காளர் பட்டியலை முதலில் பூட்ட வேண்டும். தேர்தலை அறிவிப்பதற்கு முந்தைய ஒரு தேதிவரை பங்களித்தவர்களுக்கே வாக்கு என்று வையுங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் திரட்டுகிற தரப்பு ஒற்றை மாற்று வாக்கிலும் தன் பலத்துக்கு மேல் இடங்களை அள்ளிவிடும்.