படம் வரையும் பிள்ளையோடு கப்பல் பயணம்: எது தேறும், எது தேறாது

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. ஓடிப்பிடித்து விளையாடுகிற ரகம் இல்லை. கையில் பென்சில் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அவளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்புகிற சொகுசுக் கப்பலில் போய்வந்தோம். விளம்பரங்களில் வருவதெல்லாம் நீர்ச்சறுக்கும் பாறை ஏறும் சுவரும்தான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். கப்பலின் பெயர் வேண்டாம்.

சிறுவர் கிளப் டிக்கெட்டிலேயே அடக்கம். வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ராத்திரி ரொம்ப நேரம் விட்டால்தான் தனிக் காசு. பெற்றவர்களுக்கு வசதி, மறுக்க மாட்டேன். ஆனால் நிரலில் ‘கைவினை’ என்று போட்டிருந்த நேரத்தில் நடந்தது, அச்சடித்த மீனுக்குக் கலர் அடிப்பது. அதுவும் நுனி மழுங்கிய ஸ்கெட்ச் பேனாவால். செதிலுக்கு வருவதற்குள் பாட்டைப் போட்டு எல்லாரையும் ஆட எழுப்பிவிட்டார்கள். “மீனை முடிக்கவே விடலம்மா” என்று வந்து நின்றாள். அதோடு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நல்ல சரக்கெல்லாம் பெரியவர்களின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. பிள்ளைகள் வரக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை, நமக்குத்தான் தோன்றுவதில்லை. நீச்சல் குளத்துப் பக்கம் துண்டு மடிக்கச் சொல்லித்தந்தார்கள். பெரிய துண்டை இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி இறுக்கச் சுருட்டி, அப்படியே பாதியாக மடக்கினால் நான்கு காலில் நிற்கிறது. சின்னத் துண்டைக் கூம்பாகச் சுருட்டினால் தும்பிக்கை, மிஞ்சிய மடிப்பை இழுத்து விரித்தால் காது. யானை! அன்று ராத்திரி எங்கள் அறையில் உடம்பு துடைக்க ஒரு துண்டு மிஞ்சவில்லை.

அதைவிட மேல், பழம் செதுக்கும் காட்சி. சமையல்கூடத்து ஊழியர் ஒருவர் சின்னக் கத்தியோடு தர்பூசணி முன்னால் உட்கார்ந்தார். பச்சைத் தோலைச் சீவினால் வெள்ளை, இன்னும் கொஞ்சம் இறங்கினால் இளஞ்சிவப்பு, அதற்கும் கீழே நல்ல சிவப்பு. கத்தியைச் சாய்க்கிற சாய்ப்பில் ஒரே இதழில் மூன்று நிறமும் வந்துவிடுகிறது. இவள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, பழத்தை இவள் பக்கமாகத் திருப்பிவைத்துச் செதுக்கினார். எந்த வகுப்பிலும் இது கிடைக்காது.

ஓவிய ஏலமும் உண்டு. அது வாங்குகிறவர்களுக்கான சந்தை. சும்மா ஒரு சுற்று சுற்றிவரலாம், அவ்வளவுதான். கார்ட்டூன் வரையச் சொல்லித்தரும் வகுப்புதான் முக்கியம் என்றால் டிஸ்னி கப்பல்களில் அது இருக்கிறது. கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பாதையை நான் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் பினாங்கு. கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால், பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் நடக்கிற தூரம்தான். டூர் பஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2012-இல் எர்னஸ்ட் ஸகரேவிச் என்ற ஓவியர் அங்கே சுவர்களில் வரைந்த படங்கள் இன்னும் இருக்கின்றன. ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் அக்காவும் தம்பியும் சுவரில் வரைந்த உருவங்கள். சைக்கிள் மட்டும் நிஜம். போட்டோவுக்கு நிற்கிற கூட்டத்தில் ஓவியம் கண்ணில் படுவதே கஷ்டம், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் கடை வாசலின் நிழலில் உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் குயின் தெரு மாரியம்மன் கோயில் கோபுரத்தையும் வரைந்தே தீருவேன் என்றாள். அப்பா பசியில் முறைத்தார். பக்கத்திலேயே லிட்டில் இந்தியா இருந்ததால் தப்பித்தோம். புக்கெட்டில் வெயிலும் கடற்கரையும். வரைகிற பிள்ளைக்கென்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எடுத்துப்போக வேண்டியவை: கெட்டி அட்டை வைத்த ஸ்கெட்ச் நோட்டு, வாட்டர் கலர், காம்புக்குள் தண்ணீர் நிரப்புகிற தூரிகை. கப்பல் ஆடும்போது தண்ணீர்க் கிண்ணம் வைத்து வரைந்தால் மெத்தைதான் நனையும். டர்பன்டைன் மாதிரி தீப்பிடிக்கிற சாமான் வேண்டாம், ஏறும்போதே பிடுங்கிவிடுவார்கள். கொஞ்சம் காந்தமும் போட்டுக்கொள்ளுங்கள். கேபின் சுவர்கள் பெரும்பாலும் உலோகத் தகடு, வரைந்ததையெல்லாம் ஒட்டிவைக்கலாம்.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைவு என்று உள்ளறை எடுத்தால் ஜன்னலே கிடையாது. மஞ்சள் விளக்கில் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். பால்கனி கட்டாயமில்லை, ஜன்னல் அறை போதும். மேஜை எந்த அறையிலும் சின்னதுதான். அதிலேயே முடி உலர்த்தியும் கெட்டிலும் உட்கார்ந்திருக்கும். முதல் வேலையாக அவற்றை அலமாரிக்குள் தள்ளுங்கள்.