அ-வில் தொடங்குவதா, ட-வில் தொடங்குவதா? பெங்களூரு வீட்டில் தமிழ் எழுத்து

பெங்களூரில் நாலு வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோருக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்: அ, ஆ, இ, ஈ என்று அரிச்சுவடி வரிசையில் போவதா, இல்லை ட, ப, ம என்று எழுத எளிதான வடிவங்களில் தொடங்குவதா? பாட்டி தாத்தா இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் முதல் வழிதான், விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து அ எழுதவைத்த கையோடு அப்படியே அடுத்தடுத்து போய்விடுவார்கள். நான் இரண்டாவது கட்சி.

அ வரிசையின் பலம் காதில் இருக்கிறது. குறிலும் நெடிலும் ஜோடியாக வருவதால் பாட்டாகப் பாடினால் குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இங்கே இன்னொரு வசதியும் உண்டு, பள்ளியில் சொல்லித்தரும் கன்னட வரிசையும் அ, ஆ, இ, ஈ என்றுதான் போகிறது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் அதில் இருக்கிறது. அதனால் வாயால் சொல்ல இந்த வரிசையே இருக்கட்டும், அதை விடவே வேண்டாம்.

எழுதுவதுதான் சிக்கல். சுழியும் வளைவுமாக இருக்கும் அ, இ, ஔ எல்லாம் இப்போதுதான் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு ரொம்பக் கஷ்டம். அதைவிடப் பெரிய குறை, தமிழில் உயிரெழுத்து பொதுவாகச் சொல்லின் முதலில் மட்டுமே வரும், ஆகவே பன்னிரண்டையும் எழுதப் பழகிய பிறகும் ஆ, ஈ மாதிரி ஓரெழுத்துச் சொற்களைத் தவிர குழந்தையால் எதையும் வாசிக்க முடியாது. உரல் படத்தைப் பார்த்து உ என்று சொல்வது வாசிப்பு இல்லை. படத்தைக் கையால் மூடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ட என்பது கீழே இறங்கும் ஒரு கோடு, பிறகு வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டை மேலே ஏற்றினால் ப, ஏற்றி உள்பக்கம் வளைத்தால் ம. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். க, ர சேர்ந்தால் மரம், பக்கம், கட்டம், துணைக்கால் வந்ததும் மாமா, பாப்பா, காக்கா. யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லைக் குழந்தை தானாகக் கூட்டி வாசிக்கும் அந்த நிமிடம் சீக்கிரமே வருகிறது, அது வந்த பிறகு நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை, அதுவே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

இதிலும் குறை உண்டு. ஒரே குடும்ப வடிவங்கள் கைக்கு எளிது, கண்ணுக்குக் குழப்பம்: ப, ம, ய, ழ நான்கையும் அடுத்தடுத்து கொடுத்தால் குழந்தை மாற்றி மாற்றிச் சொல்லும். ம நன்றாகப் பதிந்து, க, ர மாதிரி வேறு முகமுள்ள எழுத்துகள் வந்த பிறகு ய-வைக் கொண்டுவாருங்கள், ழ இன்னும் தள்ளி வரட்டும். அப்புறம் அம்மா, அப்பா எழுத ஆசைப்படும் குழந்தையைக் காக்க வைக்காதீர்கள், ஆறாவது எழுத்தாக அ வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

சென்னையில் என்றால் எந்த வரிசையில் தொடங்கினாலும் தெரு மீதியைச் சொல்லிக்கொடுத்துவிடும், பேருந்தில் கடையில் எல்லாம் தமிழ். இங்கே 2024-ல் வந்த சட்டத் திருத்தப்படி பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும், குழந்தை இங்கே வளர்வதால் அது கன்னடம் வாசிக்கக் கற்பதும் நல்லதுதான். ஆனால் தமிழ் எழுத்தைக் கண்ணில் காட்டும் வேலை முழுக்க வீட்டின் தலையில் விழுகிறது. நேரம் குறைவு என்பதால்தான் சீக்கிரம் வாசிக்கவைக்கும் வழியை நான் பிடித்துக்கொள்கிறேன். படித்த சொற்களைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

எதில் எழுதுவது? சிலேட்டு பலப்பம், இரட்டைக்கோடு நோட்டு, டேப்லெட் செயலி மூன்றில் முதல் இடம் சிலேட்டுக்கே. பெரிதாக எழுதலாம், தப்பானால் துடைத்துவிடலாம், பலப்பம் உரசுவது விரலுக்குத் தெரியும். நோட்டு பிறகு வரட்டும், கோட்டுக்குள் அடக்குவது தனிப் பயிற்சி. செயலியில் புள்ளிக் கோட்டின் மேல் விரல் ஓடுகிறது, அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்று குழந்தை தானாக முடிவு செய்வதே இல்லை. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத குழந்தைகள் ஆங்கில எழுத்தைத் தாங்களாகவே கையால் எழுதிப் பழகிய பிறகு அதைப் பார்த்தபோதுதான் மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் தூண்டப்பட்டன, தட்டச்சு செய்தபோதோ கோட்டின் மேல் வரைந்தபோதோ அப்படி நடக்கவில்லை. செயலியை ஒலி கேட்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நல்லது.

247 எழுத்து என்று பயப்பட வேண்டாம், துணைக்கால், கொம்பு தெரிந்தால் பாதி தானாக வரும். உகர, ஊகார வரிசையை மட்டும் விதியாகச் சொல்லித்தராதீர்கள். கு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி திரும்புகிறது, அதனால் பூ, கூடு, முட்டை, தூக்கம் என்று சொல்லோடு சேர்த்தே ஒவ்வொன்றாக வரட்டும்.